வெள்ளிக்கிழமை எண்கள்: ஆம்பூர் தோல் ஆலை ஒன்றில் அரை நாள்

எங்கள் பள்ளியின் பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய கல்வி அறக்கட்டளை நடத்துகிறார்கள். டிப்ளமோ படிக்கும் பெண்பிள்ளைகளுக்குக் கடைசி வருடக் கட்டணத்தை அது கட்டுகிறது. ஒரே ஒரு நிபந்தனை: கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஒரு தொழிற்சாலையில் நிஜமாகப் பயிற்சி எடுத்து, தன் கையால் அளந்து, ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். 'நிஜமாக' என்ற சொல்லை அந்தப் படிவத்தில் போடச் சொன்னவள் நான்தான். முப்பத்தொரு வருடம் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் என்பதால், சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் வேலையும் என் தலையில் விழுந்தது. போன ஜூன் முதல் தேதி (2007, வெள்ளிக்கிழமை) நான் ஆம்பூருக்குப் போனது அதற்காகத்தான். பிள்ளைகளை ஆலைப் பயிற்சிக்கு அனுப்பும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒரு முறையாவது அங்கே நேரில் போய்ப் பார்க்க நினைத்தால், இந்தப் பதிவு கொஞ்சம் பயன்படலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு சந்தேகம் என்று கேட்பீர்கள். பயிற்சிச் சான்றிதழ் இங்கே எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தவள் நான். மாமா வேலை செய்யும் கம்பெனியின் லெட்டர்பேடில் ஒரு பக்கம் வாங்கிக்கொள்வது. போன வருடம் படித்த அண்ணனின் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றி ஸ்பைரல் பைண்டிங் போடுவது. ஒரு மாணவி ஆறு வாரம் லேத் பட்டறையில் நின்றதாக எழுதிக் கொண்டுவந்தாள். "இந்த மோதிரத்தோடவா லேத்துல நின்னே?" என்று கேட்டேன். "ஆமா மிஸ், தெனமும்" என்றாள். ஓடுகிற லேத் பக்கத்தில் மோதிரத்தோடு எந்தப் பட்டறைக்காரரும் நிற்க விடமாட்டார். அவள் பட்டறை வாசலையே மிதிக்கவில்லை. இப்படி ஒரு கேள்வியை எப்போதும் கைவசம் வைத்திருப்பேன்.

இந்த வருடம் என்னிடம் வந்த நோட்டுகளில் ஒன்று ரேவதியுடையது. ஆம்பூருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். கெமிக்கல் டிப்ளமோ இரண்டாம் வருடம் முடித்தவள். அம்மா ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார், அப்பா இல்லை. கட்டணம் வரவில்லை என்றால் ரேவதியும் அதே தையல் வரிசையில் உட்கார வேண்டியதுதான். அம்மா சூப்பர்வைசரிடம் ஏற்கெனவே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். இதை விண்ணப்பத்திலேயே ஒளிக்காமல் எழுதியிருந்தாள்.

பயிற்சி ஒரு தோல் பதனிடும் ஆலையில். ஆட்டுத் தோலிலிருந்து மயிரை எடுக்க, சுண்ணாம்புத் தண்ணீர் நிரம்பிய குழிகளில் நாலைந்து நாள் ஊற வைப்பார்கள். அந்தத் தண்ணீரின் வெப்பநிலையையும் பி.எச். அளவையும் தினமும் எடுப்பதுதான் அவள் செயல்திட்டம். பி.எச். என்பது ஒரு தண்ணீர் எவ்வளவு புளிப்பு, எவ்வளவு காரம் என்று சொல்லும் எண். குடிதண்ணீர் ஏழு. நல்ல சுண்ணாம்புத் தண்ணீர் பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்.

ஐந்து வாரம் முடிந்ததும் நோட்டு தபாலில் வந்தது. முப்பத்தைந்து நாள், முப்பத்தைந்து வரி. சனியிலிருந்து வியாழன் வரை எல்லா நாளும் 12.4. புத்தகம் சொல்லும் எண் அதுதான், சரி என்று தாண்டிப் போனேன். என் கண் நின்றது வெள்ளிக்கிழமைகளில். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் பல தோல் ஆலைகளுக்கு வார விடுமுறை ஞாயிறு இல்லை, வெள்ளி. இந்த ஆலைக்கும் அப்படித்தான் என்று நோட்டின் முதல் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள். பூட்டிக் கிடக்கும் ஆலையில் ஐந்து வெள்ளியும் அளவு எடுத்திருக்கிறாள். அதுவும் ஒரே நாளுக்கு இரண்டிரண்டு எண்: 11.9 / 12.4, பிறகு 12.1 / 12.4, பிறகு 11.8 / 12.3. எதைப் போடுவது என்று தெரியாமல் தடுமாறியது மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டாள் என்றே முடிவு கட்டினேன்.

ஆறாவது வெள்ளி பாக்கி இருந்தது. கடிதம் போடவில்லை, போன் செய்யவில்லை. சொல்லிவிட்டுப் போனால் அது சோதனையா?

காலை ஆறேகாலுக்கு சத்துவாச்சாரியில் டவுன் பஸ், மூன்று ரூபாய். வேலூர் பஸ் நிலையத்தில் இட்லியும் காப்பியும் பதினெட்டு ரூபாய். ஏழு பத்துக்கு ஆம்பூர் பஸ் கிளம்பியது, டிக்கெட் பதினாறு ரூபாய், தூரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பள்ளிகொண்டாவில் பாதி பஸ் இறங்கி, பாதி பஸ் ஏறியது. காட்பாடியிலிருந்து ரயிலும் உண்டு. ஆனால் ரயிலை நம்பி நேரம் குறித்துப் போகாதீர்கள். மாதனூர் தாண்டும்போதே ஜன்னல் வழியாக அந்த வாடை லேசாக வந்துவிடும். பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். எட்டரைக்கு ஆம்பூர்.

என் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பள்ளி ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிய பி.எச். மீட்டர், ஒரு வெப்பமானி, மீட்டரைச் சரிபார்க்கும் கரைசல்கள் இரண்டு மருந்து பாட்டில்களில், ரப்பர் கையுறை. ஆட்டோவில் ஏறி ஆலையின் பெயரைச் சொன்னேன். ஆறு கிலோமீட்டர், நாற்பது ரூபாய் என்று பேசி முடித்தோம். டிரைவர் கண்ணாடியில் என் பையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வெள்ளிக்கெழமல கம்பெனிக்கா மேடம்? பூட்டினு இருப்பாங்களே."

தெரியும் என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "பொல்யூஷன் ஆபீசா?" என்றார்.

"இல்லப்பா. டீச்சர்."

"டீச்சர்னுதான் மேடம் சொல்லுவாங்க" என்றவர், ஆலைக்கு ஒரு பர்லாங் முன்னாலேயே வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார். அங்கே தன் வண்டியை யாராவது பார்த்தால் நாளைக்கு சவாரி கிடைக்காதாம். நாற்பது ரூபாயை மட்டும் குறைக்கவில்லை.

ஆலை வாசலில் பெரிய இரும்புக் கதவு, உள்பக்கம் பூட்டு. எதிரே ஒரு டீக்கடை, டீ மூன்று ரூபாய். கடைக்காரர் ஊர் எது, யாரைப் பார்க்கணும், பையில் என்ன என்று மூன்று கேள்வி கேட்டார். நான் இரண்டுக்குத்தான் பதில் சொன்னேன். நான் அவரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: வெள்ளிக்கிழமை இங்கே யாராவது வேலைக்கு வருவார்களா? "ஒரு ஈ காக்கா வராது" என்றார், என் பையிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அதைப் பார்த்ததும் அவர் மற்ற வாடிக்கையாளர்களிடமும் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒன்பது, ஒன்பதரை, ஒன்பதே முக்கால். வெயில் ஏறியது. திரும்பிப் போய் அறக்கட்டளைக்கு எழுத வேண்டிய கடிதத்தின் முதல் வரி மனதில் ஓடத் தொடங்கியது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன என்பதையும் மறைக்கக் கூடாது.

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்சாலையில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருத்தி ரேவதி, நேர்காணலில் பார்த்த முகம். கூட வந்தவர் அவள் அம்மா என்று ஜாடையே சொன்னது. என்னைப் பார்த்ததும் ரேவதி நடையை நிறுத்திவிட்டாள். அம்மாதான் முன்னால் வந்து, மகளின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "எம்பொண்ணு எதனா தப்பு பண்ணிட்டாளா மிஸ்?" என்று கேட்டார்.

இன்னும் தெரியவில்லை என்று சொன்னேன். கடுமையான பதில்தான். அந்த நேரத்தில் அதுதான் உண்மை.

ரேவதி வணக்கம் சொன்னாள். அவள் கையில் ஒரு துணிப்பை. அதை வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே கல்லூரியில் கொடுத்த பேனா அளவு மீட்டர், ஒரு வெப்பமானி, அப்புறம் ஒரு விசித்திரமான பொருள். பழைய மருந்து பாட்டில், அடியில் ஒரு கூழாங்கல் கட்டியிருந்தது. வாயில் தக்கை. பாட்டில் கழுத்தில் ஒரு கயிறு, தக்கையில் தனியாக இன்னொரு கயிறு. மூடியபடியே அடி ஆழத்துக்கு இறக்கி, அங்கே போனதும் தக்கையை இழுத்தால் அடித் தண்ணீர் மட்டும் உள்ளே நிறையும். எங்கள் பள்ளியில் கிணற்றுத் தண்ணீர் எடுக்க இப்படி ஒரு கருவி வாங்க இரண்டு வருடம் விண்ணப்பம் போட்டேன், வரவில்லை. இவள் செலவில்லாமல் செய்திருக்கிறாள்.

நான் பார்த்தது பாட்டிலை அல்ல, கயிற்றை. கீழிருந்து ஏறக்குறைய நாலடி வரை கயிறு வெளுத்து, குச்சி மாதிரி விறைத்திருந்தது. அதற்கு மேல் புதுக் கயிறாக மெத்தென்று இருந்தது. சுண்ணாம்பில் பல தடவை முங்கிக் காய்ந்த கயிறு அப்படித்தான் இருக்கும். அட்டவணையை வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடலாம். இந்தக் கயிற்றை அப்படிச் செய்ய முடியாது. கடிதத்தின் முதல் வரி அங்கேயே கலைந்துபோனது.

அதற்குள் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, தொப்பி, சட்டைப்பையில் சாவிக்கொத்து. ஆலையின் மேஸ்திரி. காதர் பாய் என்று வைத்துக்கொள்வோம், பெயரை மாற்றியிருக்கிறேன். என்னையும் பையையும் பார்த்தவர் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"மேடம், எதுவா இருந்தாலும் நாளைக்கி ஆபீஸ்ல வந்து பேசுங்க. நான் சம்பளத்துக்கு இருக்கிறவன்."

"எங்க டிரஸ்ட் மிஸ் பாய்" என்றாள் ரேவதி. அவர் நம்பவில்லை. காலையிலிருந்து நான் மூன்றாவது ஆளிடம் அதிகாரி இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. என் நோட்டில் போட்டுக் காட்டிய கையெழுத்தையும், ரேவதி பையில் வைத்திருந்த நேர்காணல் கடிதத்தில் இருந்த என் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்தார். ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும், பதினொன்றரைக்குள் முடிக்க வேண்டும் என்றார்.

உள்ளே பன்னிரண்டு குழிகள். நடுவில் நடக்கக் குறுகலான சிமெண்டு வரப்பு. வேலை நாளில் ஆட்கள் இந்த வரப்பில் நின்று நீளக் கழிகளால் குழியைக் கலக்கிக்கொண்டே இருப்பார்களாம். அன்று எல்லாம் அசையாமல் கிடந்தது. அழுகிய முட்டை வாடையோடு சுண்ணாம்பு நெடி. ரேவதியின் அம்மா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். ஐந்து வாரமாக அவர் இடம் அதுதான்.

ரேவதி ஐந்தாம் எண் குழியில் அளந்தாள். மேல் தண்ணீர் 11.9. பாட்டிலை இறக்கி, தக்கையை இழுத்து, அடித் தண்ணீர் 12.4. நான் என் மீட்டரைச் சரிபார்த்து, அதே தண்ணீரில் வைத்தேன். மேலே 11.8, அடியில் 12.4. ஒரே நாளுக்கு இரண்டு எண் என்பது தடுமாற்றம் இல்லை, இரண்டு ஆழம். கலக்காமல் விட்ட நாளில் சுண்ணாம்பு அடியில் படிந்து, மேல் தண்ணீர் பலம் குறைந்துபோகிறது.

"சனிக்கெழம எடுக்கிற தோல்ல மேல் அடுக்கு மட்டும் கழுத்துப் பக்கம் மயிரு சரியா உடாது" என்றார் காதர் பாய். "பத்து வருஷமா ஆளுங்கள திட்டினு இருந்தேன். சுண்ணாம்பு கம்மியா போட்டான், இவன் திருடிட்டான்னு. இந்தப் பொண்ணு பாட்டில உட்டுப் பார்த்துட்டு சொல்லுது, பாய், வெள்ளிக்கெழம ஒருத்தரும் கலக்கல, அதான்னு."

இதைக் கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் சந்தேகம் அதற்குள் பக்கத்து வரிக்கு நகர்ந்துவிட்டது. ஆய்வகத்தில் அமிலம் காரம் அளக்கும்போது மூன்று முறையும் சரியாகப் பத்து மில்லி என்று எழுதும் பிள்ளையின் நோட்டை நான் திருப்பிக் கொடுப்பேன். 9.8, 10.1, 9.9 என்று எழுதியவள்தான் பியூரெட் என்ற அளவுக் குழாயைத் தொட்டவள் என்று வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் முப்பது நாள் ஒரு புள்ளிகூட நகராத 12.4? புத்தக எண் என்பதால் ஏமாந்தது நான்.

"வெள்ளி சரி. மத்த நாள்?" என்றேன்.

காதர் பாய்தான் பேசினார். "மத்த நாள்ல இங்க நாப்பது ஆம்பளைங்க மேடம். பனியனோட, லுங்கிய மடிச்சிக் கட்டினு நிப்பானுங்க. பொம்பளப் புள்ளய உள்ள உடாதன்னு ஆபீஸ் ஆர்டர். இது தெனம் வந்து வாசல்ல நின்னு கேக்கும். பேஜாராப் போச்சி. சரி, வெள்ளிக்கெழம நான் குழி பாக்க வருவேன், அம்மாவக் கூட்டினு வான்னேன்."

ஆக, சனி முதல் வியாழன் வரை அவளை ஆபீஸ் மேஜையில் உட்கார வைத்து, பழைய பதிவேட்டைக் கொடுத்து, பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் எழுதுபவரும் குழிப் பக்கம் போவதில்லை. நான் பொய் என்று நினைத்த ஐந்து வரிதான் உண்மை, உண்மை என்று தாண்டிப் போன முப்பது வரியும் நகல்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எழுதாம உக்காந்தா டிரெய்னிங் வரலன்னு போட்டுடுவாங்க மிஸ். உங்க படிவத்துல ஆறு வாரம்னு இருக்கு. உள்ள உடலன்னு எழுதறதுக்கு அதுல எடம் இல்ல."

அந்தப் படிவத்தில் 'நிஜமாக' என்று போடச் சொன்னவள் நான். மீட்டரைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

வரப்பை விட்டு வெளியே வந்ததும் ஒரு வழி சொன்னேன். நகல் எடுத்த எல்லா வரியையும் சிவப்பு மையால் அடித்துவிடு, மீதி ஆறு வெள்ளிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன், அறக்கட்டளையிடம் நானே பேசுகிறேன். நியாயமான வழி என்றுதான் நினைத்தேன். ரேவதியின் அம்மாவுக்கு உடனே பயம் வந்துவிட்டது. ஆறு நாளுக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேட்டார். ஆறு வாரமாகத் தன் ஒரே ஓய்வு நாளை அந்தப் படியில் கழித்தவர் அவர். கேட்க அவருக்கு உரிமை உண்டு.

ரேவதி அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பேசினாள். அன்று அவள் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான்.

"அடிக்க மாட்டேன் மிஸ். அத்தன நாளும் அந்த மேஜைல உக்காந்தது நெஜம். அத அடிச்சிட்டா நான் வராத மாதிரி ஆயிடும்."

காதர் பாய் கதவைப் பூட்டும்போது மணி பதினொன்று இருபது. இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, எம்பேரு மட்டும் வேணாம். புள்ளைங்க ஸ்கூல் பீஸ் கட்டணும்" என்றார். திரும்பும்போது மண்சாலையில் அரை மணி நேரம் ஆட்டோ வரவில்லை. பகல் ஒன்றுக்குப் பஸ் ஏறி, மூன்று மணிக்கு வீடு. மொத்தச் செலவு, போகவர, நூற்று நாற்பத்திரண்டு ரூபாய். ஆம்பூர் போய்விட்டு பிரியாணி சாப்பிடாமல் வந்ததற்கு என் தங்கை இன்னும் திட்டுகிறாள். அந்த வாடைக்குப் பிறகு எனக்கு மோர்தான் இறங்கியது.

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயம். இந்தப் பகுதி ஆலைகளில் எது விடுமுறை நாள் என்று முதலில் கேளுங்கள், ஞாயிறு அன்று எடுத்த அளவைப் பார்த்து அவசரப்படாதீர்கள். பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், அது திரும்ப உதவாது. குழியின் மேல் குனியாதீர்கள். சுண்ணாம்போடு சல்பைடும் கலந்த அந்தத் தண்ணீரில் எந்த அமிலமும் படக் கூடாது, கிளம்பும் வாயு உயிரை வாங்கும். அதனால் பிள்ளைகள் கையில் என்ன பாட்டில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே உள்ளே விடுங்கள். பெண்பிள்ளைகளை அனுப்பும் முன், அவர்களை எந்தப் பகுதிக்குள் விடுவார்கள் என்று ஆலையிடம் எழுத்தில் கேளுங்கள். "எல்லாம் பாத்துக்கறோம் மேடம்" என்ற பதிலை எழுத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அட்டவணைக்கு முன்னால் கருவியைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் அறக்கட்டளைக் கூட்டத்தில் நான் பார்த்ததைச் சொன்னேன். முப்பத்தாறு நாள் பார்த்து எழுதியதற்குப் பணமா என்று ஒருவர் கேட்டார். அதே கேள்வியை நானும் கேட்டிருப்பேன், அதனால் கோபப்பட முடியவில்லை. முழு ரிப்போர்ட் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று நிறுத்தி வைத்தார்கள். எதை எழுத வேண்டும் என்று ரேவதியிடம் நான் மறுபடி சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் ரிப்போர்ட் வந்தது. ஒரு வரியும் அடிக்கவில்லை. ஒரு அட்டவணைக்குப் பதிலாக இரண்டு. முதலாவதற்குத் தலைப்பு, 'நான் அளந்தவை': ஆறு நாள், மேல், அடி, வெப்பநிலை. இரண்டாவதற்குத் தலைப்பு, 'எனக்குக் கொடுக்கப்பட்டவை': ஆறாவது வாரத்தையும் சேர்த்து முப்பத்தாறு நாள், முப்பத்தாறு 12.4, அருகே மேஜையில் உட்கார்ந்த நேரம், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்துக்கு ஒரு கோடு விட்டிருந்தாள்.

முதல் கோட்டில் நான் போட்டேன். அதைப் பார்த்துக் கட்டணம் முழுவதையும் கட்ட அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. ரேவதி கடைசி வருடம் சேர்ந்துவிட்டாள். இரண்டாவது அட்டவணையின் பிரதியைப் பதிவுத் தபாலில் ஆலை நிர்வாகத்துக்கு அனுப்பி, அவர்கள் கொடுத்த எண்கள்தான் என்று உறுதி செய்து கையெழுத்திடக் கேட்டோம். பெற்றுக்கொண்டதற்கான அட்டை நாலாம் நாளே திரும்பி வந்துவிட்டது. அந்தக் கோடு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.